பன்னீர் ரோஜாவா, கொய்யாவா? 50ஆம் தெரு வீட்டு முன்னறைக்கு எந்த ரோஸ்

தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். நடு ரங்கூனில் 50ஆம் தெருப் பக்கம் மூன்றாம் மாடி வீடு. பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். மேற்கே தெருவைப் பார்த்த முன்னறைக்கு ரோஸ் அடிக்க வேண்டும் என்று அவருடைய அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. ஷேட் கார்டில் இரண்டு ரோஸ் பிடித்துப்போனது. கடையில் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்து சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தடவினால் இரண்டுமே கண்ணைக் குத்துகின்றன. இரவில் ஒன்று கத்தரிப்பூ நிறத்துக்குப் போகிறது. "எதை எடுக்கலாம் அண்ணா? இல்லை, ரோஸே வேண்டாமா?" என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டில் மேலே இருக்கிற, லேசாக மஞ்சள் பக்கம் சாய்ந்த ரோஸை எடுங்கள். ஆனால் கார்டில் இருக்கிற அளவுக்கு வேண்டாம், சாயத்தை முக்காலாகக் குறைத்துக் கலக்கச் சொல்லுங்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் தொடர்ந்து படியுங்கள். அடுத்த வருஷம் உள்ளறைக்குக் கலர் தேடும்போது உதவும்.

என் அப்பா சுண்ணாம்பு அடித்தவர். நான் எமல்ஷன் காலத்து ஆள். இருபது வருஷம் பிரஷ் பிடித்துவிட்டு, இப்போது ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மெஷினுக்கு முன்னால் வந்து அதிகம் குழம்புகிறவர்கள் இரண்டே கூட்டம்: வெள்ளை கேட்பவர்களும் ரோஸ் கேட்பவர்களும்.

ரோஸ் கேட்பவர்கள் குழம்புவதற்குப் பேரும் ஒரு காரணம். நம் ஆட்கள் எல்லாவற்றையும் 'ரோஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பர்மியர்கள் 'பன் யாவுங்' என்கிறார்கள், அதாவது பூ நிறம். எந்தப் பூ என்று யாரும் கேட்பதில்லை. (பெயிண்டுக்கும் மருந்துக்கும் பர்மியச் சொல் ஒன்றே, 'ஸே'. அப்பா வேலைக்குப் போகும்போது "சுவருக்கு மருந்து போட்டுவிட்டு வருகிறேன்" என்பார்.) நீங்கள் காலையில் தெருவில் தீலஷின்கள், அந்த பௌத்தப் பெண் துறவிகள், அரிசி வாங்க வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாருக்கும் ரோஸ் உடைதான். கொஞ்சம் நின்று பாருங்கள். முன்னால் போகிறவர் உடை சால்மன் மீன் சதை மாதிரி இருக்கும், நடுவில் போகிற சின்னப் பிள்ளையின் உடை புதுசு, நீலம் கலந்த ரோஸ், கடைசியில் போகிறவருடையது துவைத்துத் துவைத்து சாம்பல் பூத்திருக்கும். தனித்தனியாக எதிரே வந்தால் மூன்றையும் 'ரோஸ்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். வரிசையில் வந்ததால்தான் வித்தியாசம் தெரிகிறது.

உங்கள் இரண்டு கலருக்கும் நானே பேர் வைத்துக்கொள்கிறேன், நம்பரை வைத்துப் பேசினால் எனக்கே மறந்துவிடும். மஞ்சள் சாய்ந்தது கொய்யா, பழத்தைப் பிளந்தால் உள்ளே இருக்குமே அந்தச் சிவப்புக் கொய்யாவை வெளிறச் செய்த நிறம். நீலம் சாய்ந்தது பன்னீர் ரோஜா.

முதலில் உங்கள் சோதனையில் என்ன தப்பு என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் பழைய சுவர் வெளிர் பச்சை. இந்த ஊரில் பாதி வீடுகளில் அந்தப் பச்சைதான், அதில் தப்பில்லை. ஆனால் பச்சைமேல் ரோஸைத் தடவிப் பார்த்து முடிவெடுக்க முடியாது. சிவப்புக்கு எதிர் பச்சை. சுற்றிலும் பச்சை இருந்தால் நடுவில் இருக்கிற ரோஸை நம் கண்ணே சிவப்பாக்கிக் காட்டும். மரகதப் பச்சைப் புடவையில் ரோஸ் பார்டர் எப்படித் துள்ளுகிறது, அதே ரோஸை வெள்ளை வேட்டிக் கரையில் வைத்தால் எப்படி அடங்கிப்போகிறது என்று நினைத்துப் பாருங்கள். உங்களுக்குக் கண்ணைக் குத்தியதில் பாதி பெயிண்ட் செய்த வேலை, மீதி பழைய சுவர் செய்த வேலை. இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி, தடவிய இடத்தின்மேல் வைத்து அந்த ஓட்டை வழியாக மட்டும் பாருங்கள். அதே பெயிண்ட் ஒரு படி இறங்கித் தெரியும்.

இரண்டாவது தப்பு, இரண்டையும் ஒட்டி ஒட்டித் தடவியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பெரிதாக்கும். நீங்கள் வாழப்போவது ஒன்றோடுதான். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கிற நாள் இனிமேல் வராது.

சரி, எப்படிப் பார்ப்பது? கெட்டியான வெள்ளை அட்டை நான்கு வாங்குங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சார்ட் எழுதுகிற அட்டையைப் பாதியாக வெட்டினால் போதும். ஒவ்வொரு கலருக்கும் இரண்டு அட்டை. ஓரத்தில் வெள்ளை விடாமல் முழுக்க அடியுங்கள், இரண்டு கோட். முதல் கோட் முழுக்கக் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எமல்ஷன் ஈரத்தில் பால் மாதிரி வெளுத்துத் தெரியும், காய்ந்தால் ஒரு சாயல் கருக்கும். சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். அப்பா காவியைச் சுண்ணாம்பில் கரைத்துச் சுவரில் இழுக்கும்போது செங்கல் மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் கொய்யாவாக வெளுத்திருக்கும். அந்தப் பழக்கத்தில் எமல்ஷனையும் "காய்ந்தால் வெளுத்துவிடும்" என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் போட்ட கலரை நான் இரண்டு கோட் வெள்ளை அடித்து மறைத்திருக்கிறேன்.

அட்டை காய்ந்ததும் செய்ய வேண்டிய வேலைதான் இதில் முக்கியம். ஒரே கலர் அடித்த இரண்டு அட்டைகளையும், பாதி விரித்த புத்தகம் மாதிரி, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஜன்னலுக்கு முன்னால் நிறுத்துங்கள். வெளி ஓரத்தில் கலர் கார்டில் பார்த்த மாதிரி இருக்கும். கண்ணை மெதுவாக மடிப்பை நோக்கிக் கொண்டுபோங்கள். நிறம் ஏறிக்கொண்டே போகும், மடிப்பில் இன்னொரு பெயிண்ட் மாதிரி இருக்கும். புத்தகத்தைக் கொஞ்சம் மூடினால் இன்னும் ஏறும். உங்கள் அறை கிட்டத்தட்ட அந்த மடிப்புக்குள் இருக்கிற மாதிரிதான் தெரியும், வெளி ஓரம் மாதிரி இருக்காது.

காரணம் எளிது. ஒளி ஒரு சுவரில் பட்டு நேராக நம் கண்ணுக்கு மட்டும் வருவதில்லை, எதிர்ச் சுவருக்கும் போய் அங்கிருந்து மறுபடி வருகிறது. ஒரு வெளிர் ரோஸ் தன்மேல் படுகிற சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 85 பங்கையும், பச்சை ஒளியில் 65 பங்கையும் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். ஒரு தடவை பட்டு வந்தால் 85க்கு 65, மென்மையான ரோஸ். இரண்டாவது சுவரிலும் பட்டு வந்தால் சிவப்பு 72, பச்சை 42. மூன்றாவது தடவை சிவப்பு 61, பச்சை 27. ஒவ்வொரு துள்ளலுக்கும் பச்சை வேகமாகச் செத்துப்போகிறது, சிவப்பு மிஞ்சுகிறது. அகலமான பங்களாவில் இது அவ்வளவாகத் தெரியாது. உங்கள் வீட்டில் இரண்டு நீளச் சுவர்கள் பன்னிரண்டரை அடி இடைவெளியில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே நிற்கின்றன. பந்து மாதிரி ஒளி இடையில் துள்ளிக்கொண்டே இருக்கும். சாயத்தை முக்காலாகக் குறைக்கச் சொன்னது இதனால்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. மகளுக்குக் காது குத்துக்கு முன்னால் என் வீட்டு அறைக்கு ரோஸ் அடித்தேன். பெயிண்ட்காரன் வீடு, கேட்கவா வேண்டும். கடை மூடுகிற நேரத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு விரல் அகலக் கார்டைப் பார்த்து எடுத்தேன். நாலு சுவரும் அடித்து முடித்த சாயங்காலம் உள்ளே வந்தால் பஞ்சுமிட்டாய்க்குள் விழுந்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. விருந்துக்கு வந்த சின்ன மாமியார்தான் வாசலில் நின்று "இது என்ன, தேருக்குள்ளே சாப்பாடா?" என்றார். அந்த அறை ஏழு வருஷம் அப்படியே இருந்தது, மறுபடி அடிக்கச் சோம்பல்.

அடுத்தது வெளிச்சம். இணையத்தில் தேடினால் வடக்கு அறைக்கு இது, தெற்கு அறைக்கு அது என்று நிறைய யோசனை கிடைக்கும். அவை எல்லாம் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து நிற்கிற குளிர் நாடுகளுக்கு எழுதியவை. நாம் சுமார் 17 டிகிரி வடக்கில் இருக்கிறோம். வருஷத்தில் இரண்டு தடவை, மே மாதத்திலும் ஆகஸ்டிலும், சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்துவிட்டுப் போகிறது. இடைப்பட்ட நாட்களில் வடக்கே சாய்கிறது. அதைவிட முக்கியம், நடு ரங்கூனில் எண் போட்ட தெருக்கள் எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன. அதனால் அங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை கிழக்கைப் பார்க்கும், இல்லாவிட்டால் மேற்கைப் பார்க்கும். வடக்கா தெற்கா என்ற கேள்வியே உங்களுக்கு எழாது.

உங்களுடையது மேற்கு. "மேற்கு வெயில், சாயங்காலம் ஆரஞ்சாக அடிக்கும், அதனால் நீலம் சாய்ந்த ரோஸ் போட்டால் சரிக்கட்டும்" என்று உங்கள் அக்கா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வெட்டவெளியில் இருக்கிற வீட்டுக்கு அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் உங்களுக்கு எதிரே ஆறு மாடி நிற்கிறது. வெயில் சாய்ந்து ஆரஞ்சாக மாறுவதற்கு முன்பே அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். மூன்றாம் மாடியில் உங்களுக்குக் கிடைப்பது மதியம் ஒரு மணியிலிருந்து கொஞ்ச நேரம், செங்குத்தாக விழுகிற வெள்ளை வெயில். அதுவும் ஜன்னல் ஓரத்தில் தரையில்தான் விழும், சுவருக்கு வராது. அந்தத் தரை தேக்குப் பலகை என்பதால் அங்கிருந்து ஒரு செம்மஞ்சள் மேலே ஏறும். அதுகூட அந்த நேரத்துக்கு மட்டும்தான், அப்போது அம்மா எப்படியும் திரையை இழுத்துவிடுவார்.

மற்ற நேரம் எல்லாம் என்ன வெளிச்சம்? காலையில் சூரியன் உங்கள் கட்டடத்துக்கு மேலே எழும்பி எதிர்க் கட்டடத்தின் முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சம்தான் திரும்பி உங்கள் அறைக்குள் வருகிறது. எதிர்க் கட்டடம் பிஸ்தா பச்சை, மழைக்கறை வேறு. ஆக காலை முழுக்க உங்கள் அறைக்குள் வருவது பச்சை வடிகட்டிய வெளிச்சம். மதியத்துக்குப் பிறகு கிடைப்பது தெருவுக்கு மேலே தெரிகிற ஒரு துண்டு வானம். நேர் வெயிலை 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கிற அலகு) என்று வைத்தால், நீல வானத்திலிருந்து மட்டும் வருகிற ஒளி 10,000 கெல்வினுக்கும் மேலே போகும். எண் ஏற ஏற நீலம். மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரைக்கும் மழை மூடிக்கொண்டால் 6500 பக்கம் ஒரே சாம்பல்.

இப்போது இரண்டு ரோஸையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பச்சை ஒளி ரோஸ்மேல் பட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று கொன்று மங்கும். கொய்யா மங்கினால் சந்தனம் பக்கம், பிஸ்கட் பக்கம் போகும். பன்னீர் ரோஜா மங்கினால் சாம்பலும் ஊதாவுமாகப் போகும். இரண்டும் மங்கத்தான் போகின்றன, எந்தப் பக்கம் மங்கினால் பரவாயில்லை என்பதுதான் கேள்வி. ஜூலை மாதம், மூன்று நாளாக விடாத மழை, அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து பூத்தொடுக்கிறார். பின்னால் சந்தனச் சாயல் சுவர் இருந்தால் மனசுக்கு இதமாக இருக்கும். ஊதாச் சாம்பல் இருந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இது என் ரசனை, ஒத்துக்கொள்கிறேன்.

இரவுக்கு வருவோம். கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தது பன்னீர் ரோஜாதான் என்று நீங்கள் சொல்லாமலே தெரியும். கரண்ட் போன பிறகு சார்ஜ் விளக்கில் பார்த்திருப்பீர்கள். அந்த விளக்குகளில் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்பு குறைவு. பெயிண்ட் தன்மேல் படாத ஒளியைத் திருப்பி அனுப்ப முடியாது. விளக்கிலேயே சிவப்பு இல்லையென்றால் ரோஸில் இருக்கிற சிவப்பு எங்கிருந்து தெரியும்? மிஞ்சுவது நீலம்தான். அதனால்தான் கத்தரிப்பூ. குத்துவிளக்கு ஏற்றிப் பாருங்கள், அதே சுவர் கொய்யாவாக மாறும். மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு எல்லாம் 1900 கெல்வின் பக்கம், சிவப்பும் மஞ்சளும்தான் அதில் உண்டு.

பல்பு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு. 80 என்று போட்டிருந்தால் நல்லது என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களை வைத்துப் போடுகிற சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இல்லை, அதற்கு ஆர்9 என்று தனி எண். பெட்டியில் பெரும்பாலும் அதைப் போட மாட்டார்கள். அதனால் 80 வாங்கிய பல்பிலும் ரோஸ் செத்துத் தெரியலாம். கிடைத்தால் 90க்கு மேல் எடுங்கள், நிறம் 3000 அல்லது 4000 கெல்வின். கிடைக்காவிட்டால் கடைக்குப் போகும்போது அந்த ரோஸ் அட்டையைக் கையில் கொண்டுபோய், பல்பைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உள்ளங்கையையும் காட்டிப் பார்க்கலாம். உள்ளங்கை வெளிறித் தெரிகிற பல்பு ரோஸ் அறைக்கு ஆகாது.

சாயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அனுப்பிய இரண்டு டப்பாவின் ஸ்டிக்கரிலேயே விடை இருக்கிறது. மெஷினில் கலக்கும் பெயிண்டில் எந்தச் சாயம் எவ்வளவு விட்டது என்று ஸ்டிக்கரில் அச்சாகி வரும். ஒவ்வொரு கம்பெனிக்கும் குறியீடு வேறு, கடைப் பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான். உங்கள் கொய்யாவில் இருப்பது ரெட் ஆக்சைடு, அதற்குக் கொஞ்சம் குறைவாக யெல்லோ ஆக்சைடு, ஒரு துளி கருப்பு. பன்னீர் ரோஜாவில் மெஜந்தாவும் ஒரு துளி கருப்பும். கார்டில் அக்கா தங்கை, ஸ்டிக்கரில் பார்த்தால் வேறு வேறு குடும்பம். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கலர் வீட்டில் பிரிந்ததற்கும் இதுதான் காரணம். வேறு வேறு சாயத்தில் செய்த ஒரே மாதிரி நிறங்கள் ஒரு விளக்கில் ஒத்துப்போகும், அடுத்த விளக்கில் சண்டை போடும்.

ரெட் ஆக்சைடு என்பது வேறொன்றுமில்லை, நம்ம காவி. இரும்புத் துரு. கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கிறோமே, அதேதான். வெயிலுக்கு அசையாது, சுண்ணாம்புக் காரத்துக்கும் அசையாது. மெஜந்தாவிலும் நல்ல சாயங்கள் உண்டு, எல்லாவற்றையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செயற்கைச் சிவப்புகள் சிலவற்றைப் பால் மாதிரி வெளிறக் கலந்தால், ஜன்னல் ஓர வெயிலில் கொஞ்ச வருஷத்தில் வெளுத்துவிடும். படத்தைக் கழற்றினால் பின்னால் ஒரு சதுரம் மட்டும் பழைய ரோஸாக நிற்கும். காவியில் அந்தக் கவலை இல்லை.

காரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வலது பக்கச் சுவரில் மழை ஈரம் இறங்கி, போன மாதம்தான் கொத்திவிட்டு சிமென்ட் பூசியதாக எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிட்டு நிறத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நான் நல்ல பெயிண்டர் இல்லை. புதுச் சிமென்ட் பூச்சின் காரம் சுண்ணாம்புத் தண்ணீர் அளவுக்கு, பிஎச் 12க்கும் மேலே இருக்கும். குறைந்தது 28 நாள் காய வேண்டும் என்பது வெயில் காலக் கணக்கு. மழைக்காலத்தில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அடிக்கக் கூடாது. காய்ந்த பிறகும் காரம் தாங்கும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு கோட் அடித்துவிட்டுத்தான் ரோஸ். நான் அவசரப்பட்டு ஒரு வீட்டில் இதைச் செய்யாமல் விட்டேன். ஆறே வாரத்தில் பூசிய இடம் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சுவரில் ஏதோ தீவின் படம் மாதிரி தெரிந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

பெயிண்டின் பளபளப்பு விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். மேட், அதாவது பளபளப்பு இல்லாதது, எடுங்கள். பழைய கட்டடச் சுவர் அலை அலையாக இருக்கும், சில்க் அடித்தால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் காட்டிக்கொடுக்கும். துடைக்கக்கூடிய மேட் என்று கேளுங்கள், கிடைக்கிறது.

ரோஸ் மனசை அமைதிப்படுத்தும், அதனால் வயதானவர்களுக்கு நல்லது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 1979இல் அமெரிக்காவில் ஒரு கடற்படைச் சிறையில் அறைக்கு ரோஸ் அடித்துப் பார்த்து, கைதிகள் அடங்கிவிட்டார்கள் என்று கிளப்பிய கதை அது. அந்த ரோஸுக்கு பேக்கர் மில்லர் என்றே பேர் வந்துவிட்டது. பின்னால் ஸ்விட்சர்லாந்துச் சிறை ஒன்றில் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தபோது வெள்ளை அறைக்கும் ரோஸ் அறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, அந்த ஒரு காரணம் போதாதா?

சுவருக்கு ரோஸ் முடிவானால் வெள்ளையையும் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான ரோஸ் அறைகள் கெடுவது சுவரால் இல்லை, கதவால். ரோஸ் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கண் அந்த ரோஸுக்குப் பழகி, அதைக் கழித்துவிட்டுப் பார்க்கத் தொடங்கும். அப்போது பளிச்சென்ற சுத்த வெள்ளைக் கதவு லேசாகப் பச்சை பாய்ந்து தெரியும். பெயிண்டர்கள் வெள்ளையில் நீலம் ஒரு சொட்டு விட்டுத் தூக்கிக் காட்டுகிற பழைய பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். கதவு, ஜன்னல் சட்டம், தரையோரப் பலகை எல்லாவற்றுக்கும் பால் வெள்ளை இல்லாமல், தேங்காய்ப்பால் வெள்ளையாக, துளி மஞ்சள் விட்டதாக எடுங்கள். உள்கூரைக்கும் அதுவே. உள்கூரையில் ரோஸ் ஏற்ற வேண்டாம், புத்தக மடிப்புக் கதை மறுபடி வரும்.

அப்புறம், ஐம்பது அடி நீளத்துக்கும் ரோஸை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஜன்னலிலிருந்து பதினைந்து அடி தாண்டினால் உங்கள் வீட்டில் பகலிலேயே விளக்கு வேண்டும். வெளிர் ரோஸ் வெளிச்சமில்லாத இடத்தில் ரோஸாக இருக்காது, அழுக்குத் துணி மாதிரி இருக்கும். முன்னறைத் தடுப்போடு நிறுத்திக்கொண்டு, பின்னால் அந்தத் தேங்காய்ப்பால் வெள்ளையையே கொண்டுபோங்கள்.

வாங்கும் கணக்கு: பன்னிரண்டரைக்குப் பதினைந்து அடி அறை, பத்தடி உயரம். சுற்றளவு 55 அடி, ஆக 550 சதுர அடி. ஜன்னலும் வாசலும் நூறு போனால் 450. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 110 சதுர அடி வரும், பழைய சுவர் கொஞ்சம் குடிக்கும். இரண்டு கோட்டுக்கு எட்டு ஒன்பது லிட்டர். பச்சையை மறைக்க அடியில் வெள்ளைப் பிரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் மூன்றாவது கோட் கேட்கும். முதலில் முக்கால் அளவுக் கொய்யாவை ஒரே ஒரு லிட்டர் கலக்கச் சொல்லி, அட்டையில் அடித்து, காலை ஒன்பது மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் கரண்ட் போன இரவிலும் பாருங்கள். பிடித்தால் மீதியை வாங்குங்கள்.

மீதி முழுவதையும் ஒரே நாளில் கலந்து வாங்குவது நல்லது. வெளிர் ரோஸில் சாயம் சொட்டுக் கணக்கில்தான் விழும். ஒரு சொட்டு கூடக்குறைய விழுந்தாலும் டப்பாவுக்கு டப்பா மாறும், சில சமயம் உங்கள் கொய்யாவுக்கும் பன்னீர் ரோஜாவுக்கும் இருக்கிற வித்தியாசத்தில் பாதி வந்துவிடும். அதனால் எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஆட்கள் முணுமுணுப்பார்கள், விடாதீர்கள்.

எப்போது நான் சொன்னதை மாற்றிக்கொள்ளலாம்? எதிர்க் கட்டடக்காரர் பிஸ்தா பச்சையை எடுத்துவிட்டு செங்கல் நிறமோ மஞ்சளோ அடித்துவிட்டால் காலை வெளிச்சமே மாறிவிடும், அப்போது கொய்யா ஆரஞ்சாகப் போகும், பன்னீர் ரோஜாதான் ஜெயிக்கும். அல்லது உங்களுடையது ஏழாம் மாடியாக இருந்து, மாலை வெயில் மறைப்பு இல்லாமல் உள்ளே வந்தால், அக்கா சொன்னதே சரி. எதிர் வீட்டில் சாரம் கட்டியிருக்கிறார்களா என்று ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வேலை முடிந்ததும் மிச்சத்தை ஒரு லிட்டர் டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, மூடியை அழுத்தி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அந்த ஸ்டிக்கரைக் கிழித்து எறியாமல், போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, டப்பாவிலேயே ஒட்டுங்கள். மூடிமேல் மார்க்கரில் "முன்னறை, முக்கால்" என்று எழுதுங்கள். முக்கால் என்று எழுத மறந்துவிட்டால், இரண்டு வருஷம் கழித்துத் திருத்த வருகிற ஆள் முழுச் சாயத்தில் கலந்து வந்துவிடுவான்.